சிக்கனுக்காகக் காத்திருக்கும் சிப்பிப்பாறை

கேள்வி: எங்கள் ஆண் சிப்பிப்பாறை நாய்க்கு 9 மாதம் ஆகிறது. ஆறு மாதம் வரை உலர் தீவனத்தையும் தயிர்ச்சோற்றையும் மிச்சம் வைக்காமல் தின்றவன், இப்போது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். கோழிக்கறி கலந்தாலோ, அம்மா கையால் ஊட்டினாலோ மட்டுமே தின்கிறான். விலா எலும்பு தெரிகிறது என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கோழிக்கறியைக் கண்டதும் ஓடி வருகிறான் என்பது ஓரளவு நல்ல செய்தி; ஏனெனில் உண்ணிக் காய்ச்சலிலோ குடல் தொற்றிலோ பசியை இழந்த நாய் பெரும்பாலும் கறியையும் தொடாது. ஆனால் கறி மென்மையானது, உலர் தீவனம் கடினமானது என்பதை மறந்துவிடக் கூடாது. வாயில் வலி உள்ள நாயும் இப்படியே நடந்துகொள்ளும். ஏழு மாதத்திற்குள் பால் பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்களும் முளைத்திருக்க வேண்டும். விழாமல் நிற்கும் பால் பல், சிவந்த ஈறு, மேலண்ணத்தில் குறுக்காகச் சிக்கிய எலும்புத் துண்டு ஆகியவற்றை உதட்டை உயர்த்தியும் வாயைத் திறந்தும் பாருங்கள். ஈறு வெளிறியிருந்தாலோ, வாந்தி, கழிச்சல், சோர்வு இருந்தாலோ, உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தால் அதையும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், அவன் உண்மையிலேயே குறைவாகத்தான் தின்ன வேண்டியிருக்கிறது. முதல் சில மாதங்களில் குட்டிக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வளர்ந்த நாய்க்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது அந்தத் தேவையும் இறங்குகிறது. விலா எலும்பைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் தேவையற்றது. சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே அமைந்த மெலிந்த உடல்வாகு கொண்ட இனம். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது அதற்கு இயல்பு. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பட்டினி போலத் தோன்றும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி நின்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஆனால் பசி சற்றுக் குறைந்த அந்த நாட்களில் நீங்கள் பதறிப்போய்க் கறியைக் கலந்தீர்கள். காத்திருந்தால் இதைவிட நல்லது வரும் என்று அவன் கற்றுக்கொண்டான். இதில் நாயின் பிடிவாதத்தை விட வீட்டாரின் பாசமே பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் அனுபவம். எலும்பில்லாத கறியையே முக்கிய உணவாகத் தொடர்வது ஆபத்தும்கூட. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு என்பதால், வளரும் நாயின் எலும்புகள் வலுவிழந்து எளிதில் முறியக்கூடும். தயிர்ச்சோறு மட்டும் கொடுப்பதும் போதாது. அதில் புரதம் குறைவு.

ஆகவே தீவனத்தை காலை, மாலை என இரண்டே வேளை, தினமும் அதே நேரத்தில், அளந்து வையுங்கள். வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் மணம் எழும். கறி வேகவைத்த நீரையும் சேர்க்கலாம், ஆனால் அதில் உப்பு, வெங்காயம், பூண்டு இருக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்தில் தின்னாததை, திட்டாமலும் கெஞ்சாமலும், எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. டீக்கடைப் பொறையும் பிஸ்கட்டும் கூட வேண்டாம். நலமாக உள்ள 9 மாத நாய் ஓரிரு வேளை தின்னாமல் இருந்தால் கேடு வராது. (நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிகளிடமும் மிகச் சிறிய இனங்களிடமும் இதைச் செய்யக் கூடாது, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.) ஒரு முழு நாள் கடந்தும் எதையும் தொடாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இந்த ஏற்பாட்டில் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமான வேலை.

தீவன மூட்டையையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனால், நம் புழுக்கத்தில் அதிலுள்ள கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும். நமக்குத் தெரியும் முன்பே நாய்க்குத் தெரிந்துவிடும். வேறு தீவனத்துக்கு மாறுவதென்றால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினால், அந்தக் குறிப்போடு அன்று காலை எடுத்த அவனுடைய மலத்தையும் சிறு டப்பாவில் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.