லாரி டிரைவரின் ஓய்வு நேரம்: கேட்டவர்களுக்குப் பதில்

நாமக்கல்லிலிருந்து வடக்கே 26 வருஷம் லாரி ஓட்டியவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. தூர லைனுக்கு அனுமதி வாங்கினால் ஒரு நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை விட்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. இன்றைய வேலை முடிந்து நாளைய வேலை தொடங்க 9 மணி நேர இடைவெளி கேட்டது.

டீ குடித்தால் தூக்கம் போய்விடாதா?

டீ உடம்பில் ஏறவே அரை மணி ஆகும் தம்பி. குடித்ததும் 20 நிமிஷம் படுத்து எழுந்திரு, அது வேலை செய்யும். கடைசியாகத் தாண்டிய டோல்கேட் ஞாபகத்துக்கு வரவில்லையா, உடனே பத்திரமான இடம் பார்த்து ஒதுங்கு. 60 கி.மீ. வேகத்தில் நாலு விநாடி கண் செருகினால் வண்டி 65 மீட்டருக்கு மேல் போயிருக்கும். விடியக்காலை 2 முதல் 5 வரை யாரையும் நம்பாதே, உன் கண்ணையும்தான்.

கிளீனருக்கு லைசென்ஸ் இல்லை, நன்றாக ஓட்டுவான். கொடுக்கலாமா?

கூடாது.

நான் ஓனர். குடோனில் லோடு இறக்க 10 மணி நேரம் வண்டி சும்மா நிற்கிறது. அது ஓய்வுதானே?

இல்லவே இல்லை. வரிசை நகர நகர வண்டியை நகர்த்த வேண்டும், தார்ப்பாய்க் கயிறு அவிழ்க்க வேண்டும், டீசல் டேங்க்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதில் எங்கே தூங்குவது? பெங்களூர்ப் பக்கம் ஒரு குடோனில் பகல் முழுக்க அப்படி நின்றுவிட்டு ராத்திரியே கிளம்பினேன். தொப்பூர் இறக்கத்தில் கிளீனர் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் விழித்தேன், இடது சக்கரம் ஏற்கெனவே மண்ணில் இறங்கியிருந்தது. அந்தச் சட்டமும், ஓய்வையும் சேர்த்தே ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றுதான் சொன்னது.

இன்னொரு ஓனர்: இப்படிப் பார்த்தால் வாடகை கட்டுபடியாகாது.

லோடு பேசும்போதே ஹால்டிங் பணத்தையும், அதாவது வண்டி காத்து நிற்கும் நேரத்துக்கான பணத்தையும், பேசுங்கள். தூர லைனுக்கு இரண்டு டிரைவர் போடுங்கள். டிரைவர் தூக்கத்தில் மிச்சம் பிடிக்கிற காசு எனக்குக் காசாகத் தெரியவில்லை.

காபி குடித்தால்?

மேலே டீக்குச் சொன்னதேதான், படியுங்கள்.

தூக்கம் வராமலிருக்க மாத்திரை?

வேண்டாம். போட்டவர்கள் கூட ஓட்டியிருக்கிறேன், அது தூக்கத்தைத் தள்ளித்தான் போடும், கடைசியில் மொத்தமாக வந்து அமுக்கும்.

ரோட்டோரம் நிறுத்தித் தூங்கலாமா?

ஹைவே ஓரத்தில் வேண்டாம், பின்னால் வருகிறவனும் தூக்கக் கலக்கத்தில் இருப்பான். பங்க்குக்குள்ளோ தாபா வாசலிலோ உள்ளே தள்ளி விடுங்கள்.