கிக் அடிக்கும் முன்: பழைய பைக் கேள்வி–பதில்

கேள்வி: அப்பாவின் 1974 புல்லட் 350 பன்னிரண்டு வருடமாகத் திண்ணையோரம் நிற்கிறது. கிக்கர் இறங்கவே மறுக்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: தயவுசெய்து தள்ளாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் பிஸ்டன் ரிங்குகள் துருவேறி, இரும்பு சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பலம் கொடுத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். ஊறவைத்தாலே விட்டுக்கொடுக்கும் வேலைக்கு ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செலவு வந்து சேரும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். நான்கைந்து நாள் பொறுங்கள். வற்ற வற்றச் சேருங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். நூல் அளவு நகர்ந்தாலும் போதும், மறுநாள் இன்னும் கொஞ்சம் நகரும். நகர்ந்த பிறகும் ‘கரகர’ என்று தட்டுப்பட்டால் ஹெட்டையும் (சிலிண்டரின் மூடி) சிலிண்டர் பிளாக்கையும் தூக்கிப் பார்க்காமல் விடக்கூடாது.

ஊற்றிய டீசல் கீழே இறங்கியிருக்கும். எனவே பழைய ஆயில் முழுவதையும் வடித்துவிடுங்கள். ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 2.25 லிட்டர் ஊற்றுங்கள். அடுத்ததுதான் பலரும் தவறவிடுவது. ராக்கருக்கு (ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கை) போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, பிளக் இல்லாமலே முப்பது நாற்பது முறை கிக் அடியுங்கள். அங்கே ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் ஆயில் பம்பைக் கழற்றிப் பார்க்காமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) போய்விடும்.

தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. அதோடு இருக்கும் கண்டென்சரை யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். டேப்பெட்டை (வால்வு இடைவெளி) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் டாப்பில் (இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) வைத்துப் பாருங்கள்: வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இன்னொன்று: வாரக்கணக்கில் நின்ற புல்லட்டில் டிப்ஸ்டிக் ஆயில் குறைவாகக் காட்டும். ஆயில் எங்கும் போகவில்லை, கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவு பாருங்கள். முன்பே ஊற்றினால் சைலன்ஸரில் புகை தள்ளும்.

கேள்வி: டேங்க் உள்ளே முழுக்கத் துரு. வெட்டித் திறந்து சுத்தம் செய்யலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வேண்டாம். பழைய டேங்கின் வளைவை வெட்டி ஒட்டிய பிறகு திரும்பக் கொண்டுவருவது கடினம். காலி டேங்கில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும் என்பதால் வெல்டிங் தீப்பொறி ஆபத்தும்கூட.

பெட்ரோல் காக்கை (டேங்க் அடியில் உள்ள குழாய்) கழற்றி ஓட்டையை அடைத்து, சோப்புத்தூள் தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். பிறகு வெள்ளை வினிகரை முட்ட ஊற்றி 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். நடுவில் வினிகரைப் பாதியாகக் குறைத்து, இருபது நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். வடித்ததும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி அமிலத்தை முறியுங்கள். இந்தப் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். உடனே புளோயரால் காயவைத்து, 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) 100 மில்லி விட்டு எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். அரை மணி நேரம் ஈரமாக விட்டாலும் செந்நிறத் துரு படியும்.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் வைக்கும் வண்டியில் பாதி டேங்க் பெட்ரோலோடு மழைக்காலத்தைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: 1969 ஜாவாவுக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாமா?
– வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: வாங்கலாம். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள எண் கிடைக்கும். அந்த விதியில் புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் கடற்கரைச் சாலையில் ஓட்ட ஆசையென்றால் இந்தப் பதிவு உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: யெஸ்டி ஓயாமல் வெண்புகை தள்ளுகிறது. ரீபோர் செய்தும் நிற்கவில்லை.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கியர் பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) காய்ந்து அந்த ஆயிலை எஞ்சின் குடிக்கிறது. நீண்டகாலம் நின்ற ரப்பருக்கு இது சகஜம். மறுபக்க சீல் போனால் புகை வராது. காற்றை இழுத்து, ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்காது. அதுதான் பிஸ்டனைப் பிடிக்கவைக்கும் கோளாறு. இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது சீலும் நிற்காது. ரீபோர் செய்த புது சிலிண்டருக்கு, பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து ஓட்டுங்கள்.