திருநங்கை, திருநம்பி அமைப்புகளுக்கு நிதி: உங்க கேள்விகளும் என் பதில்களும்

போன மாசத்துல இருந்து சேர்ந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன். கேட்டவங்க பேர், ஊர் எதுவும் போடல.

அக்கா, எங்க ஜமாத்ல (திருநங்கைகள் குடும்பம் மாதிரி சேர்ந்து வாழற குழு) 12 பேர் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ட்ரஸ்ட் பதிவு பண்ணிட்டா ஃபண்டு கிடைச்சிடுமா?

உடனே கிடைக்காதுமா, அத தெரிஞ்சுகிட்டே ஆரம்பிங்க. முதல்ல பேர் விஷயத்த முடிங்க. ஆதார்ல பழைய பேர், பான்ல வேற பேர், பத்திரத்துல இப்ப கூப்பிடற பேர்னு இருந்தா பேங்க்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணவே மாசக்கணக்குல அலைய விடுவாங்க. அதனால வரிசையா போங்க, கலெக்டர் கொடுக்கற டிஜி (ட்ரான்ஸ்ஜெண்டர், அதாவது திருநர்) சான்றிதழ், அப்புறம் ஆதார், அப்புறம் பான் (2018லேர்ந்து பான்ல திருநர்னு தனியா போட்டுக்கலாம்), அதுக்கப்புறம்தான் பத்திரம். சொசைட்டியா பதியணும்னா குறைஞ்சது 7 பேர் வேணும், ட்ரஸ்ட்டுக்கு அவ்ளோ பேர் தேவையில்ல.

பதிஞ்ச கையோட 12ஏபி (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை) ரெண்டுக்கும் அப்ளை பண்ணுங்க, புது அமைப்புக்கு தற்காலிகமா 3 வருஷத்துக்கு கொடுப்பாங்க. கம்பெனிங்க லாபத்துலேர்ந்து சமூக வேலைக்கு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம் வாங்க 3 வருஷ அனுபவம் கேப்பாங்க. வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேணும்னா 3 வருஷமும் ஆகியிருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணின கணக்கும் காட்டணும். கையில ஒண்ணும் இல்லாத புது அமைப்பு 15 லட்சத்துக்கு எங்க போகும்? கொடுக்கற மனசு இருக்கறவங்க இந்த முதல் மூணு வருஷத்துலதான் கை கொடுக்கணும், ஆனா அப்பதான் யாரும் வர்றதில்ல. இப்போதைக்கு ஏற்கனவே பதிவான ஒரு அமைப்போட சேர்ந்து அவங்க திட்டமா வேலை பாருங்க, ஒவ்வொரு பில்லையும் ஃபைல் போட்டு வைங்க.

நான் டொராண்டோல இருக்கேன். சென்னைல ஒரு திருநங்கை அமைப்புக்கு மாசாமாசம் அனுப்ப ஆசை. நேரா அனுப்பலாமா?

உங்க பாஸ்போர்ட் எந்த நாடுன்னு பாருங்க. இந்திய பாஸ்போர்ட்னா உங்க சொந்த சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நிதியாவே கணக்கு இல்ல. கனடா குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு கொடுக்கறது) இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான், எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்போட டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்டுக்குத்தான் போகணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அப்படி வாங்கின அமைப்பு அந்தப் பணத்த இன்னொரு அமைப்புக்கு பிரிச்சுக் கொடுக்கவும் முடியாது. முன்னாடி பெரிய அமைப்பு வாங்கி கிராமத்துல இருக்கற சின்ன குழுவுக்கு கொடுக்கும், அந்த வழி அடைஞ்சதுல ரொம்ப அடி வாங்கினது இந்த மாதிரி சின்ன சின்ன குழுக்கள்தான். தெரியாம அனுப்பி அவங்கள சிக்கல்ல மாட்டி விட்றாதீங்க.

மேடம், எங்க கம்பெனி சிஎஸ்ஆர்ல திருநங்கைகளுக்கு 50 தையல் மெஷின் கொடுக்கலாம்னு இருக்கோம். நல்ல திட்டமா?

கொடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டீங்களா? நான் போன ஒரு வீட்டுல மூணு தையல் மெஷின், பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல, மேல துணி மடிச்சு வச்சிருந்தாங்க. ஏன்கான்னு கேட்டா, கரண்ட் பில் ஏறுதுன்னு வீட்டு ஓனர் சத்தம் போடறார், அப்படியே தைச்சாலும் நம்மகிட்ட ப்ளவுஸ் அளவு கொடுக்க தெருவுல யார் வர்றாங்கன்னாங்க. கடை கேக்கப் போறத (கடை கடையா போய் காசு கேக்கறத) விடணும்னு அவங்களுக்கும் ஆசைதான், ஆனா தங்க வீடும் வாங்க ஆளும் இல்லாம மெஷின் மட்டும் சோறு போடாது.

கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்புல 2020 வாக்குல மாவட்ட நிர்வாகம் செஞ்சத பாருங்க. வீடு, மாட்டுக்கு கடன், திருநங்கைகளே உறுப்பினரா இருக்கற பால் கூட்டுறவு சங்கம்னு மூணும் சேர்ந்து வந்துச்சு. மாடு மட்டும் கொடுத்திருந்தா வித்திருப்பாங்க, அத தப்புன்னும் சொல்ல முடியாது.

அதனால உங்க 50 மெஷின் காசுல ஒரே அமைப்புக்கு ஆபீஸ் வாடகை, ரெண்டு பேருக்கு சம்பளம், ஒரு பார்ட் டைம் அக்கவுண்டன்ட், இத மூணு வருஷம் கொடுங்க. சிஎஸ்ஆர் விதிப்படி நடப்பு வருஷம் போக இன்னும் 3 வருஷம் ஒரு திட்டத்த ஓட்டலாம். உங்க ஃபைனான்ஸ் டீம் “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல கூடாது”ன்னு சொல்லுவாங்க, அந்த 5 சதவீதம் உங்க கம்பெனியோட சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு, களத்துல வேலை செய்யற அமைப்புக்கு இல்ல. இத தப்பா புரிஞ்சுகிட்டு அமைப்போட சம்பளத்த வெட்டறத நிறைய பாத்துட்டேன், மனசு கொதிக்குது. ஃபோட்டோல மெஷின் தெரியும், சம்பளம் தெரியாது, அதுக்காக மெஷினே வாங்காதீங்க.

அமெரிக்கப் பணம் நின்னதும் எங்க திட்டத்த மூடிட்டாங்க. எனக்கு வேலை போச்சு. இனிமே யார் கொடுப்பா?

உங்க கஷ்டம் புரியுது. 2021ல ஹைதராபாத்ல ஆரம்பிச்ச மித்ர் கிளினிக், திருநர்களே டாக்டரா, கவுன்சிலரா இருந்து நடத்தினது, 2025 ஜனவரில யுஎஸ்எய்டு (அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி நிறுவனம்) பணம் நின்னதும் மூடினாங்க. அப்புறம் டாட்டா ட்ரஸ்ட் உதவில சப்ரங்ங்கற பேர்ல திரும்பத் திறந்துச்சு, அதனால உள்ளூர் பணம் வரவே வராதுன்னு நினைக்காதீங்க. நம்ம சமூகத்துக்கு வந்த பெரிய பணம், 2003ல கேட்ஸ் ஃபவுண்டேஷனோட அவாஹன் திட்டத்துலேர்ந்தே, எய்ட்ஸ் தடுப்புக்குன்னுதான் வந்துச்சு. அது உயிர காப்பாத்துச்சு, ஆனா படிப்பு, வயசான காலம், மனநலம்லாம் அந்தக் கணக்குல வரல. புது ப்ரோபோசல் எழுதும்போது எச்ஐவி எண்ணிக்கைய மட்டும் காட்டாதீங்க, உங்ககிட்ட வந்தவங்க வேற எதுக்கெல்லாம் வந்தாங்கன்னு எழுதுங்க, ஹார்மோன் சந்தேகமா, ரேஷன் கார்டா, போலீஸ் தொல்லையா, அதுதான் உங்க பலம்.

தமிழ்நாடு அரசோட திருநங்கைகள் நலவாரியத்துல என்ன கிடைக்கும்?

2008லேர்ந்து வாரியம் இருக்கு. அடையாள அட்டை, சுயதொழில் மானியம், 40 வயசு தாண்டினவங்களுக்கு மாசம் 1,500 ரூபா. மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேளுங்க, அட்டை முதல்ல.

நான் திருநம்பி, பொண்ணா பிறந்து ஆணா வாழறவன். எல்லா நிதியும் திருநங்கைகளுக்கே போகுதே?

நீங்க சொல்றது உண்மை. எய்ட்ஸ் திட்டங்கள் திருநங்கைகளத்தான் கணக்கெடுத்துச்சு, அதனால திருநம்பிங்க எந்த லிஸ்ட்லயும் இல்லாம போனாங்க. உங்களுக்கு ஜமாத் மாதிரி ஒரு கூரையும் பெரும்பாலும் கிடையாது, வீட்ட விட்டு வந்த முதல் வாரம் தங்க எடம்தான் பெரிய பிரச்சனை. நிதி கொடுக்கறவங்ககிட்ட நான் கேக்கறது, திருநம்பிகளுக்கு ஒரு சின்ன வாடகை வீடு, ஒரு வக்கீல் ஃபீஸ், இத தனி வரியா பட்ஜெட்ல போடுங்க. நீங்க 3 பேர் இருந்தா கூட போதும், உங்க ஊர் அமைப்போட கமிட்டில ஒரு இடம் கேளுங்க, பணம் எதுக்குன்னு முடிவு பண்றப்ப உங்க ஆள் ஒருத்தர் அங்க உக்காந்திருக்கணும்.