எம்.பி.பி.எஸ். இல்லாமலும் நோயோடு மல்லுக்கட்டலாம்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் மனதில் நின்றது, உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்த கேள்விதான்: "சர்வே எடுக்கிற வேலைக்கா இவ்வளவு படிப்பு?"

இரண்டு முறை நீட் எழுதியும் கட்-ஆஃப் வரவில்லை. மூன்றாவது முறை வேண்டாம், பி.எஸ்சி. புள்ளியியல் படித்துவிட்டு மக்கள்தொகை, பொதுச் சுகாதாரம் என்று போகிறேன் என்கிறாள் மகள். தோற்ற வருத்தத்தில் பேசுகிறாளா, தெரிந்துதான் பேசுகிறாளா என்று உங்களுக்குக் குழப்பம். நியாயமான குழப்பம்தான். முதலில் தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் சானடோரியம். ஒரு காலத்தில் காசநோய் என்றால் அப்படி ஓர் இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், படுக்கை கிடைக்காத ஏழை நோயாளி, தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் பிழைப்பாரா என்று சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதை, சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி, யாருடைய விருப்பத்துக்கும் விடாமல் முடிவு செய்தார்கள். இரு தரப்புக்கும் அதே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மட்டம், ஓய்வும் குறைவு, ஒரே அறையில் குடும்பமே படுத்திருக்கும். 1959-ல் முடிவு வெளியானபோது, இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை என்று உலகம் மாறியதற்குச் சென்னையின் இந்த ஆய்வு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் காரியம் நடந்திருக்காது. வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறாரா, ஜன்னலுக்கு வெளியே எறிகிறாரா என்று தெரிய வேண்டுமே. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். யாரை எந்தப் பிரிவில் போடுவது, வந்த வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று சொல்வதெல்லாம் புள்ளியியல்காரர் வேலை. உங்கள் தம்பி சொல்லும் 'சர்வே' இதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதில் மனிதரை யாரும் பரிசோதிக்கவே இல்லை. 1990களில் இந்தியாவில், செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தை அரசு தடை செய்தது. அப்புறம் 2024-ல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், கழுகு அதிகம் வாழ்ந்த மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். தின்ன ஆளில்லாமல் கிடந்த மாட்டுப் பிணம், பெருகிய தெருநாய், கெட்டுப்போன தண்ணீர் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். கழுகுக்கும் நம் வீட்டுக் குடிநீருக்கும் முடிச்சுப் போட்டது பழைய பதிவேடுகளும் ஒரு கணினியும்தான்.

மக்கள்தொகை என்றால் 'நாம் இருவர் நமக்கு இருவர்' காலத்துப் பேச்சு என்று நினைக்காதீர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால்தான் மக்கள்தொகை நிலையாக நிற்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 1.8, பீகார் 3.0. இங்கே பள்ளியில் சேரப் பிள்ளைகள் குறைகிறார்கள், முதியவர்கள் கூடுகிறார்கள். எந்த ஊரில் எத்தனை முதியோர் மருத்துவப் படுக்கை வேண்டும் என்று நாளைக்கு யாராவது கணக்குப் போட்டாக வேண்டும். மக்கள்தொகையை வைத்து எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று பிரிக்கும் தொகுதி மறுவரையறைச் சண்டைக்கும் அடியில் இருப்பது இந்த எண்கள்தான்.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? மதிப்பெண்ணை வைத்து நான் சொல்ல மாட்டேன். அவள் பொறுமையைத்தான் பார்க்க வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கமும் இன்னும் மூன்று நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். சமையல் புகை நன்றாகவே குறைந்தது. குழந்தையின் எடை கூடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வருடக்கணக்கில் உழைத்தவர்கள் அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். இப்படி ஒரு நாளைத் தாங்குகிற ஆளா அவள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

படிப்பு விஷயம். பி.எஸ்சி. புள்ளியியல் நல்ல முடிவு, தடுக்காதீர்கள். 'ஹெல்த்', 'டேட்டா' என்று பளபளப்பான பெயர் வைத்த இளநிலைப் படிப்பைக் காட்டி யாராவது கன்சல்டன்ட் வந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அடிப்படைப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு, முதுநிலையில் திரும்பிக்கொள்வதுதான் என் அனுபவத்தில் பாதுகாப்பு. முதுநிலைக்கு மும்பையில் மக்கள்தொகை அறிவியலுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது, ஐ.ஐ.பி.எஸ். என்பார்கள். அதுவும் 1956-ல் தொடங்கியதுதான். மேலே சொன்ன குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்துவதும் அவர்களே. வேலூர் சி.எம்.சி.யில் உயிரிப் புள்ளியியல் இருக்கிறது. எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதாரப் படிப்பில் சில இடங்களில் மருத்துவப் பட்டம் கேட்பார்கள், அதனால் தகுதிப் பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சி நிறுவனங்களில் முதல் வேலை பெரும்பாலும் 'புராஜெக்ட்' வேலை. ஒப்பந்தம்தான், ஆய்வு முடிந்தால் வேலையும் முடிந்தது. கல்யாணப் பேச்சில் "பெர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள், பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். அரசு வேலைதான் வேண்டும் என்றால் புள்ளியியல் பட்டத்துக்கு அந்த வழியும் திறந்தே இருக்கிறது: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி.யில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் தேர்வு. ஐந்து வருடம் புராஜெக்டில் இருந்துகொண்டே இதற்கும் படித்து எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

கல்லூரியில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருப்பார், கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, பிக்மி என்ற அரசுப் பதிவு எண் வாங்கித் தருகிறவர். அவரிடம் சொல்லிவைத்து, மகளை இரண்டு நாள் கூட அனுப்புங்கள். வீடு வீடாகப் போகட்டும், எடை போடுவதையும் பதிவதையும் பார்க்கட்டும். சாயங்காலம் வந்து கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிப்போம். "அந்தத் தெருவில் மட்டும் ஏன் எடை குறைவாக இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தால், தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.