76 வயதில் கீமோ கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. தையல் கடை வைத்திருக்கிறார், இன்றும் மெஷினில் உட்காருகிறார். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தது. அடுத்து கீமோ என்கிறார் டாக்டர். ‘இந்த வயசுல எதுக்கும்மா அவனைப் போட்டு வதைக்கிறீங்க?’ என்று பெரியப்பா தடுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தென்காசி

பதில்: பெரியப்பா பாசத்தில் சொல்கிறார். ஆனால் 76 என்ற எண்ணை மட்டும் வைத்துக் கீமோ வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுக்கக் கூடாது அம்மா.

செல்கள் பிரியும்போது நேரும் பிழைகள் வருஷக்கணக்கில் சேர்வதால்தான் வயது ஏற ஏறப் புற்றுநோயும் கூடுகிறது. ஆனாலும் புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் வயதானவர்களைக் குறைவாகவே சேர்த்து வந்தார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

கீமோ தொடங்கும் முன் முதியோர் நல மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள். கையை ஊன்றி எழுகிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பார்ப்பார்கள். சமீபத்தில் விழுந்தாரா, எடை குறைந்ததா, ஞாபகம் எப்படி, மனசு சோர்ந்திருக்கிறதா என்றும் கேட்பார்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் இருந்த 70 வயது தாண்டியவர்களிடம் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. இந்த மதிப்பீட்டை டாக்டர் கையில் கொடுத்தபோது, கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் 71 சதவீதத்திலிருந்து 51 ஆகக் குறைந்தார்கள். பலருக்கு மருந்தைக் குறைத்தே ஆரம்பித்தார்கள்; அதனால் ஆயுள் குறையவில்லை.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் டாக்டர் பேசுகிறார், பெரியப்பா பேசுகிறார், அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் கேளுங்கள். குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து விரல்களை மரத்துப்போகச் செய்யும், சிலருக்கு அது நீடித்தும் விடும். 70 வயதுக்கு மேல் அதனால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு என்பதால், அதை விட்டுவிட்டு கேப்பசிட்டபின் மாத்திரை மட்டும் தரும் டாக்டர்களும் உண்டு. ஊசியில் நூல் கோக்கும் விரல் அப்பாவுடையது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.