டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி டப்பை இடத்துல வச்சுப் பாருங்க

கேள்வி: சார், கோத்தகிரில எங்க பழைய வீட்டு பாத்ரூமை புதுசா பண்றோம். சுவத்தோட சேராம தனியா நிக்கிற பாத்டப் வாங்கியாச்சு, 170 லிட்டர் பிடிக்குமாம். கடைல தரைலருந்து நிக்கிற குழாய் காட்டுறாங்க, பிளம்பர் சுவத்துலயே போட்டுக்கலாம்ங்கிறார். வெந்நீருக்கு விறகு பாய்லர்தான். டைல்ஸ்காரர் அடுத்த வாரம் வர்றார், எதைப் போடட்டும்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மொதல்ல டைல்ஸ்காரரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கம்மா. அதுக்குள்ள டப்பை பாத்ரூம்ல கொண்டு வந்து வச்சு, உள்ள உக்காந்து, கை எங்க எட்டுது, தண்ணி எங்க விழணும்னு சுவத்துல பென்சில்ல குறிச்சுக்கங்க. டைல்ஸ் ஒட்டுனப்புறம் ரெண்டு இன்ச் நகர்த்தணும்னாலும் உடைக்கத்தான் வேணும்.

என் ஓட்டு உங்க பிளம்பருக்குத்தான். தரைக்குழாய் பாக்க அழகு, ஆனா இடுப்பு உயரத்துக்கு மேல ஒத்தையா நிக்கிறதால அடியில கான்கிரீட்ல நல்லா இறுக்கலைன்னா ஆட ஆரம்பிச்சுரும், ஆடுனா கீழ ஜாயிண்ட் கசியும், அது தெரியவே மாசக்கணக்காகும், பழைய பங்களால பலகைத் தரையா இருந்தா அந்தப் பேச்சே வேணாம். டப்பை சுவத்துக்கு அரையடி தள்ளி வச்சு, நீளமான மூக்கு உள்ள சுவர்க்குழாய் போடுங்க. மூக்கு டப் விளிம்புக்கு ரெண்டு இன்ச்சாவது மேல இருக்கணும். ஹேண்ட் ஷவர் வச்சா அதை தண்ணிக்குள்ள போட்டு வைக்காதீங்க, டேங்க் காலியாகி கீழ் வீட்டுல குழாய் திறந்தா குளிச்ச தண்ணி பைப்புக்குள்ள திரும்பிப் போகும்.

இப்ப பாய்லர் விஷயம், இதுலதான் நானே அடிபட்டேன். குழாய்ல வேகம் பத்தலைன்னு எங்க வீட்டுல பச்சத்தண்ணி லைன்ல மட்டும் பிரஷர் பம்ப் மாட்டுனோம். ராத்திரி மிக்சரை, அதான் வெந்நீரும் பச்சத்தண்ணியும் கலந்து வர்ற குழாயைத் திறந்தா பச்சத்தண்ணி வெந்நீர் பைப் வழியா பாய்லருக்குள்ள ஏறி, மேல ஆவி போற குழாய்லருந்து கொட்டுது, அடுப்பே அணைஞ்சுபோச்சு! ரெண்டு லைனும் ஒரே டேங்க்லருந்து ஒரே வேகத்துல வரணும், வெந்நீர் லைன்ல தண்ணி திரும்பி ஏறாம தடுக்கிற என்ஆர்வி வால்வு ஒண்ணும் வேணும். டேங்க் ரெண்டு மீட்டர் உயரத்துல இருந்தா 0.2 பார் அழுத்தம்தான் கிடைக்கும், நிறைய மிக்சருக்கு 0.5 பாராவது வேணும், அட்டைப்பெட்டில போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. பைப் முக்கால் இன்ச்சே போடுங்க.

இன்னொண்ணு, நம்ம உயரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், வெந்நீருக்குப் போடுற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு 93 டிகிரிதான் எல்லை, விறகு ஒரு கட்டை கூடிப்போனா போச்சு. அதனால பாய்லர்லருந்து மொத அஞ்சாறு அடி ஜிஐ பைப்பா (துத்தநாகம் பூசுன இரும்புக் குழாய்) இருக்கட்டும், மேல ஃபோம் உறை சுத்தி விடுங்க.

டப்ல 120 லிட்டர் ரொப்புனாலே, டேங்க் தண்ணி 15 டிகிரில இருந்தா, 40 டிகிரிக்கு வர 60 டிகிரி வெந்நீர் 67 லிட்டர் வேணும், அதனால பாய்லரோட கொள்ளளவைப் பாருங்க, 25 லிட்டர் கீசரை நம்பி இறங்காதீங்க.

பைப் போட்டதும் ஒரு நாள் முழுக்க தண்ணி நிரப்பி அழுத்தம் கொடுத்து விட்டு, ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் காஞ்ச கையால தொட்டுப் பாருங்க, கை ஈரமாகலைன்னா டைல்ஸ்காரரை வரச் சொல்லலாம்.