ஐரிஷ் மரபிசைக் குடும்பக் குழுவான கிளனாட் எப்படி உலகப் புகழ் பெற்றது?

அயர்லாந்தின் டொனிகாலில் உள்ள குவீடோரில் ஐரிஷ்தான் இன்றும் பலருக்கு வீட்டுமொழி. அங்கே பிரென்னன் குடும்பம் நடத்திய 'லியோஸ் டேவர்ன்' மதுக்கூடத்தில் பாடிப் பழகியவர்கள் இவர்கள். மோயா, கியரான், போல் என மூன்று உடன்பிறப்புகள். கூடவே இரட்டையரான தாய்மாமன்கள் நோயல், பாட்ரிக். 1970-இல் தொடங்கி, ஊர்ப் பழம்பாட்டுகளுக்கு ஹார்ப், புல்லாங்குழல், கிட்டார், டபுள் பேஸ் சேர்த்துப் பாடினார்கள்.

திருப்பம் 1982-இல் வந்தது. வட அயர்லாந்துக் கலவரப் பின்னணியில் எடுத்த தொலைக்காட்சித் தொடருக்கு, குரல் மேல் குரலாக அடுக்கி ஐரிஷில் பாடிய முகப்புப் பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. பிறகு இவர்கள் பாட்டுகளில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலி கூடிக்கொண்டே போனது. (என் ஓட்டு 70-களின் கிளனாடுக்குத்தான்.) 1999-இல் கிராமியும் கிடைத்தது.

மோயாவின் தங்கை என்யா 1980 முதல் 82 வரை குழுவில் இருந்துவிட்டு, தனியே போய் விற்பனையில் இவர்களையே மிஞ்சிவிட்டார்.